மலைக்கு வாங்க, குடியிருக்க வாங்க

கெம்பஸ்ல கடைசி வருஷம் நெருங்க நெருங்க எல்லார் வாயிலயும் ரெண்டு கதைதான். ஒண்ணு வெளிநாடு. மற்றது கொஞ்ச காலமா அடிக்கடி கேக்குறது: "எல்ல பக்கம் போய் ஏதாவது வேலை எடுத்து இருந்துட்டா என்ன?" யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் சொல்றாங்க, மட்டக்களப்புப் பிள்ளைகளும் சொல்றாங்க, கொழும்புல பிறந்து வளர்ந்தவங்களும் சொல்றாங்க. கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷன், கபேல கோப்பி போடுற வேலை, ஹோட்டல்களுக்குப் படம் வீடியோ எடுத்துக் குடுக்குறது, நல்ல இன்டர்நெட் கிடைச்சா லெப்டொப்ல வெளிநாட்டு வேலை. காலையில மூடுபனி, பின்னேரம் ஒரு மலை, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பெரிய மலை. உழைச்ச மாதிரியும் இருக்கும், வாழ்ந்த மாதிரியும் இருக்கும் என்பதுதான் கணக்கு.

இந்த ஆசையை நான் நக்கலடிக்க வரல. வேலை ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம் என்று பிரிஞ்சு போன காலத்துல, ரெண்டையும் ஒரே ஊர்ல வச்சுக்கொள்ள நினைக்கிறது நியாயமான ஆசைதான். ஆனா நான் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில வளர்ந்தவள். நீங்க எந்த ஊருக்கு வர நினைக்கிறீங்களோ அந்த ஊர்ல இருந்து கொழும்புக்கு வேலைக்கு இறங்குற பஸ்ஸை வாராவாரம் பார்த்தவள். அதனால இந்தக் கதையைக் கேக்கும்போது எனக்கு வேற சில கேள்வியும் வருது. வராதீங்க என்று சொல்றதுக்கு இல்ல, எப்பிடி வரணும் என்று கதைக்கத்தான் இது.

முதல்ல ஒரு பழைய கதை. வேலைக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மலைக்கு இடம்பெயர்றது இன்ஸ்டாகிராம் காலத்துல தொடங்கினது இல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ரெண்டு கூட்டம் இந்த மலைக்கு வந்தது. ஒரு கூட்டம் வெள்ளைக்காரர். கொழும்பு வெக்கை தாங்காம, உடம்பு தேறுறதுக்கு, இங்கிலாந்து மாதிரி ஒரு குளிர் ஊர் தேடி நுவரெலியாவுக்கு ஏறினாங்க. 1876 இல் ஹில் கிளப், 1889 இல் கோல்ஃப் கிளப். வேலை தோட்டத்துல, விளையாட்டு டவுன்ல. இன்றைக்கு நாம கனவு காணுற அந்த வாழ்க்கைக்கு அன்றைக்கே கட்டடம் கட்டி வச்சவங்க அவங்கதான்.

மற்றக் கூட்டம் தென்னிந்தியாவுல இருந்து வந்த எங்க முன்னோர். முதல்ல கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. மன்னார் கரையில இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே வந்தாங்க. வழியில காய்ச்சல்லயும் கொலராவிலயும் செத்தவங்களுக்குக் கணக்கே சரியா இல்ல. 2023 இல் 200 வருஷ நினைவா தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரை நடந்தாங்களே, அது இந்தப் பாதையை நினைச்சுத்தான். 1948 இல் குடியுரிமை போனது, 1964 ஒப்பந்தத்துல பெருந்தொகைச் சனத்தைக் கப்பல் ஏத்தினது எல்லாம் நீங்க பாடப் புத்தகத்துல ரெண்டு வரியிலயாவது வாசிச்சிருப்பீங்க.

ஒரே மலைக்கு ரெண்டு கூட்டம் வந்தது. ஒரு கூட்டத்துக்கு மலை என்றா காற்று, குதிரை, கிளப். மற்றதுக்கு மலை என்றா வேலை. இது வெறும் பேச்சுக்குச் சொல்றது இல்ல. எங்க தோட்டத்துல "மலை" என்ற சொல்லுக்கே அர்த்தம் வேற. "இன்னைக்கு எந்த மலை?" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டா, எந்த நம்பர் தேயிலைக்காட்டுல கொழுந்து பறிக்கணும் என்று அர்த்தம். மலைக்குப் போறது என்றா வேலைக்குப் போறது. மலை இறங்குறது என்றா வேலை முடியுறது. சும்மா பார்க்க மலை ஏறுறாங்க என்று சொன்னா, முழங்கால் வலியோட இருக்கிற ஒரு அம்மாவுக்கு அது விளங்காது. "சும்மா எதுக்குடி ஏறணும்?" என்றுதான் கேப்பாங்க.

இப்ப பீக்கோ டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கு. கண்டி ஹந்தானையில தொடங்கி நுவரெலியாவுல முடியுது. 22 பகுதி, 300 கிலோமீற்றருக்கு மேல. நல்ல முயற்சிதான். பஸ்ல வந்து ஒரு படம் எடுத்துட்டு ஓடுறவங்களை விட, ஒரு நாள் முழுக்க நடந்து, வழியில ஒரு கடையில தேத்தண்ணி குடிக்கிறவங்க ஊருக்கு நல்லவங்க. ஆனா அந்தப் பாதையில பெரும்பகுதி புதுசா வெட்டினது இல்ல. தேயிலையையும் ஆட்களையும் கொண்டு போறதுக்கு அந்தக் காலத்துல போட்ட தோட்டத்துப் பாதை. அதுல இன்றைக்கும் கொழுந்து மூட்டையோட ஆள் நடக்குது, பள்ளிக்கூடப் பிள்ளை நடக்குது. ஒரே பாதையில ஒருத்தர் நடைக்கம்போட நடக்குறார், ஒருத்தி முப்பது கிலோ முதுகில சுமந்து நடக்குறா. ரெண்டு பேரும் சிரிச்சுக்கொள்றாங்க. ஃபோன்ல ஒரு படமும் ஏறுது. எனக்குப் படம் பிரச்சினை இல்ல. அந்தப் படத்துக்குள்ள இருக்கிறவ ஒரு நாளாவது அந்தப் பாதையில கையை வீசிக்கொண்டு சும்மா நடந்திருப்பாளா என்றதுதான் என் கேள்வி.

சரி, வேலைக்கு வருவோம். எல்லயில வேலை இருக்கு, அது உண்மை. தோட்டத்துக் கூலியோட வச்சுப் பார்த்தா அது பெரிய விஷயமும்தான். நாட்கூலி 1000 ரூபா வேணும் என்று வருஷக்கணக்கா போராடி 2021 இல்தான் அது வந்தது. 2024 இல் 1350. 2026 வரவு செலவுத் திட்டத்துல 1750 ஆக்குறதா சொன்னாங்க. எல்ல டவுன்ல சில கபேக்குள்ள போய் ரெண்டு பேர் கோப்பியும் ஒரு துண்டு கேக்கும் எடுத்தா அந்த ஒரு நாள் கூலி காணாது. அப்பிடி இருக்கும்போது தோட்டத்துப் பிள்ளை ஒன்று மலைக்குப் போகாம கெஸ்ட் ஹவுஸுக்குப் போகுது என்றா யார் பிழை சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த வேலை எப்பிடிப்பட்டது? என் சித்தி மகள் எல்லயில ஒரு தங்குமிடத்துல வேலை செய்யுறா. பெயர் வேண்டாம், எல்லா இடத்துலயும் ஏறக்குறைய இதே கதைதான். காலையில ஆறரைக்கு நாஸ்டா வேலை தொடங்கினா, ராத்திரி கடைசி ஆள் வந்து சாவி வாங்குற வரைக்கும் நிக்கணும். சீசன்ல லீவு இல்ல. சீசன் இல்லாத மாசம் "வீட்டுல இருங்க, கூப்பிடுறோம்" என்பாங்க. அந்த மாசம் சம்பளமும் இல்ல. நியமனக் கடிதம் என்று ஒரு தாள் அவ கையில இல்ல. அதனால ஈபிஎஃப்பும் இல்ல.

கொழும்புல இருந்து ஒரு பட்டதாரி வந்து அதே இடத்துல ரிசப்ஷன்ல நின்றா, அவருக்கு அது ஒரு வருஷ அனுபவம். பிடிக்கலன்னா போகலாம். இவளுக்கு அது வாழ்க்கை. ஒரே கூரைக்குள்ள ரெண்டு பேரும் வேலை செய்யுறாங்க, ஆனா ஆபத்து ரெண்டு பேருக்கும் ஒன்றில்ல. சுற்றுலா எவ்வளவு சீக்கிரம் விழும் என்று நாம கண்ணால பார்த்தோம். 2018 இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேல சுற்றுலாப் பயணிகள் வந்தாங்க. 2019 உயிர்த்த ஞாயிறு, அதுக்குப் பிறகு கொரோனா. 2021 இல் 2 இலட்சம் கூட வரல. 2022 இல் பெற்றோல் இல்ல, காஸ் இல்ல. ஒவ்வொரு தடவையும் முதல்ல வேலை போனது தாள் இல்லாதவங்களுக்குத்தான்.

இதைப் பேசும்போது எங்க ஆட்கள்லயே சிலர் வேற மாதிரி ஒரு வாதம் வைப்பாங்க. "வெளி ஆள் வந்து காணி விலையை ஏத்துறான், ஊரைக் கெடுக்கிறான், வெளி ஆளை விடக்கூடாது." பின்னூட்டங்கள்ல இது நிறைய வருது. கோபம் விளங்குது. ஆனா நான் அந்தப் பக்கம் நிக்க மாட்டேன். எங்களை 200 வருஷமா "வந்தவங்க" என்று சொன்ன நாடு இது. பிறந்து மூணு தலைமுறை ஆன பிறகும், "உங்க ஊர் இந்தியால எது?" என்று கேட்டவங்க இருக்காங்க. எங்க மேல எறிஞ்ச அதே கல்லைப் பொறுக்கி நான் இன்னொருத்தர் மேல எறியுறது சரியில்ல. யாரும் எங்கயும் போய் வாழலாம். மனுஷன் அப்பிடித்தான் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கான்.

அப்பிடின்னா வித்தியாசம் எங்க இருக்கு? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது வெளி ஆள், உள் ஆள் என்றதுல இல்ல. தங்குறவருக்கும் குடியிருக்கிறவருக்கும் நடுவுல இருக்கு. தங்குறவருக்கு ஊர் ஒரு காட்சி. குடியிருக்கிறவருக்கு ஊர் ஒரு பொறுப்பு. குழாயில தண்ணி வரலன்னா தங்குறவர் ரூமை மாத்துவார். குடியிருக்கிறவர் பிரதேச சபைக்குப் போவார்.

பிரதேச சபை என்றதால ஒரு விஷயம் சொல்லணும். 1987 ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தால, தோட்டத்துக்குள்ள ஒரு பாதையையோ வாய்க்காலையோ செய்து குடுக்க சபைக்கு வழி இல்லாம இருந்தது. நாங்க வோட்டுப் போட்டு ஆள் அனுப்புவோம், அந்த ஆளால எங்க லயத்துக்கு ஒரு கொங்கிரீட் பாதை போட முடியாது. 2018 இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்துல டவுன்ல எத்தனை ஹோட்டல் வந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. இன்றைக்கும் பல லயங்கள்ல வீட்டுக்கென்று தனி விலாசம் இல்ல. கடிதம் தோட்டத்து ஒபிஸுக்கு வரும், அங்க இருந்து வந்தா வரும். வேலைக்கான நேர்முகக் கடிதம் திகதி முடிஞ்ச பிறகு கைக்கு வந்த கதை எங்க பக்கத்துல புதுசு இல்ல. நேத்துத் திறந்த கெஸ்ட் ஹவுஸுக்கு கூகுள் மெப்ல ஒரு புள்ளி இருக்கு. அதுக்குக் கீழ நூறு வருஷமா இருக்கிற லயத்துக்கு இல்ல.

காணியும் அப்பிடித்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பறாவுல தலைமுறையா இருந்தாலும் அது எங்க பெயர்ல இல்ல. இந்திய வீட்டுத் திட்டத்துல முதல்ல 4000, பிறகு 10,000 என்று அறிவிச்சாங்க. ஏழு பேர்ச் காணிக்கு எங்க ஆட்கள் வருஷக்கணக்கா வரிசையில நிக்குறாங்க. அதே மலையில காட்சி தெரியுற துண்டு ஒன்றை வாங்கி கட்டடம் எழுப்ப, காசு இருக்கிறவருக்கு அவ்வளவு காலம் தேவைப்படுறதில்ல.

அந்தக் கட்டடம் எங்க எழும்புது என்றதும் முக்கியம். மலை சும்மா இருக்காது. 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லாந்தை மீரியாபெத்த தோட்டத்துல லயன்கள் மண்ணுக்குள்ள போனது. ஆபத்து இருக்கு என்று அதுக்குப் பல வருஷம் முன்னமே சொல்லியிருந்தாங்க. போக இடம் குடுக்காததால சனம் அங்கயே இருந்தது. 2025 நவம்பர் கடைசியில தித்வா புயல் வந்தப்ப பதுளை, நுவரெலியா, கண்டி என்று மலைநாடு முழுக்க மண் சரிஞ்சது. ரயில் பாதை அறுந்தது. படத்துல பச்சையா தெரியுற சரிவு எல்லாம் தண்ணி குடிக்கிற சரிவு. மேல மண்ணை வெட்டி, நீச்சல் தடாகம் கட்டி, மழைத்தண்ணிக்கு வழி விடாம விட்டா, அது கீழ இருக்கிற லயத்துக்குத்தான் இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட அனுமதி இருக்கா என்று ஒரு கட்டடத்தில வேலைக்குச் சேர முன்ன நீங்க கேக்கலாம். அங்கதான் நீங்களும் படுத்துத் தூங்கப் போறீங்க.

அதனால, வரப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். உங்க பெயரை அந்த ஊர் கிராம உத்தியோகத்தரிட்ட பதியுங்க. மூணு வருஷம் இருக்கப் போறீங்கன்னா வோட்டையும் அங்க மாத்துங்க. நல்ல பாதையும் குப்பை எடுக்குற லொறியும் வேணும் என்று நீங்களும் சண்டை பிடிச்சா, எங்க சத்தம் கொஞ்சம் பெருசா கேக்கும். வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்க. உங்க சம்பளத்துல 8 வீதமும் முதலாளி 12 வீதமும் ஈபிஎஃப்புக்குக் கட்டணும், ஈடிஎஃப்புக்கு முதலாளி 3 வீதம் கட்டணும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்துல நிக்கிற ரூம் கழுவுற பிள்ளைக்குத் தெரியாம இருக்கலாம், தெரிஞ்சாலும் கேக்கப் பயமா இருக்கலாம். அடிப்படைச் சம்பளச் சட்டம் 2026 ஜனவரியில இருந்து மாசம் 30,000 ரூபா என்று சொல்லுது. சேர்விஸ் சார்ஜ் என்று பில்லில 10 வீதம் போட்டா அது யார் கைக்குப் போகுது என்று கேளுங்க. உங்க பட்டத்தை வச்சு இந்தக் கேள்வியைக் கேக்கலாம். உங்களுக்கு வேலை போனா வீட்டுக்குப் போகலாம், அவளுக்கு அந்த வசதி இல்ல. அந்த வசதியை மற்றவங்களுக்காகவும் பாவியுங்க.

இனி எங்க பிள்ளைகளுக்கு. மலையை வேலைத்தலமா மட்டும் பார்க்கப் பழக்கினது எங்க பிழை இல்ல, ஆனா அதை அப்பிடியே வச்சிருக்கணும் என்றும் இல்ல. அட்டை எந்த மாசம் கூட, மானாப்புல்லுக்குள்ள பாதை எங்க பிரியுது, மழை எந்தப் பக்கத்துல இருந்து ஏறும், எந்த ஊத்துத் தண்ணி குடிக்கலாம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். இந்த அறிவுக்குத்தான் இப்ப ஆட்கள் காசு குடுக்குறாங்க. ஆனா கைட் லைசன்ஸ் இல்லாததால, நம்ம ஊர்ப் பாதையை இன்னொருத்தர் காட்டுறார், நம்ம அண்ணன்மார் அவருக்குப் பின்னால பை தூக்குறாங்க. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை பிரதேச வழிகாட்டிக்கென்று தனி லைசன்ஸ் குடுக்குது. சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தோட பாடசாலை பண்டாரவளையிலேயே இருக்கு. கொழும்புல துணிக்கடைக்குப் போறதுக்கு முன்ன அங்க ஒரு தடவை போய் விசாரிங்க. பொம்பளப் பிள்ளைகளும் போங்க. மலை ஏறுறதுக்கு எங்க அம்மாமாரை விடப் பழக்கமானவங்க இந்த நாட்டுல யார் இருக்காங்க?

இன்னொன்றும் செய்யலாம். சும்மா ஏறலாம். போன வருஷம் சித்தி மகளுக்கு ஒரு நாள் லீவு கிடைச்சப்ப நாங்க நாலு பேரா லிட்டில் அடம்ஸ் பீக் ஏறினோம். அது பெரிய மலை இல்ல, ஒரு மணித்தியாலம் கூட எடுக்காது. அவ ஒரு வருஷத்துக்கு மேல அந்த மலை தெரியுற ரூம்களைக் கழுவியிருக்கா. வார ஆட்களுக்கு வழியும் சொல்லியிருக்கா. ஏறினது அன்றைக்குத்தான். மேல நின்று முதல்ல தன்னோட ஹோட்டல் எங்க இருக்கு என்று தேடினா. பிறகு எங்க தோட்டத்துப் பக்கம் எது என்று கேட்டா. பிறகு ஒண்ணும் பேசல, காத்துல நின்றா. கீழ இறங்கும்போது "அடுத்த லீவுக்கு எல்ல ரொக் போவமா?" என்றா. அடுத்த லீவு எப்ப என்று அவளுக்குத் தெரியாது.

மலை ஏறுறதுக்கு சப்பாத்தும் பையும் பிறகு பார்க்கலாம். முதல்ல வேண்டியது ஒரு லீவு நாள், சம்பளத்தோட. அது உங்களுக்குக் கிடைக்கப் போகுது என்றா, உங்களோட சேர்ந்து வேலை செய்யுறவங்களுக்கும் கிடைக்குதா என்று பாருங்க. கிடைக்கலன்னா கேளுங்க. வேலையும் வாழ்க்கையும் ஒரே மலையில வேணும் என்ற ஆசை நல்ல ஆசை. அது அந்த மலையில பிறந்தவங்களுக்கும் வரட்டும்.